கண்ணாயி ஊட்டுப் புகை

கயிறு இல்லை.

கண்ணாயி இடது கையை நீட்டிப் பனிக்குள் துழாவினாள். இரண்டாவது பலா மரத்தைத் தாண்டியதும் தானாக உள்ளங்கைக்குள் வந்துவிடும் கற்றாழை நார்க் கயிறு இன்றைக்கு வரவில்லை. ஈர இலை ஒன்று விரலில் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் எட்டினாள். மறுபடியும் இலை. பலா இலை. இடுப்பு உயரத்தில் பலா இலைக்கு என்ன வேலை?

ராத்திரி மழையில் கிளை முறிந்திருக்கிறது. கயிற்றையும் அறுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

கீழே ஊற்று சலசலப்பது கேட்டது. ரொம்ப தூரமில்லை. ஆனால் சரிவு. மழை குடித்த செம்மண். வலது கையில் தடி இருந்தது. குடம் உறியில் தொங்கி முதுகில் இடித்தது. வலது கால், மாசி மாதம் ஒடிந்து ஒட்டிய கால், இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. அந்தக் காலை நம்பிக் கயிறு இல்லாமல் இந்தச் சரிவில் அவள் இதுவரை இறங்கியதில்லை.

திரும்பிப் போய்விடலாமா? போகலாம். போனால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் அடுப்பு மூட்டக்கூடாது. இன்றைக்கு அடுப்பு மூட்டாவிட்டால் அந்த வீடு அவளுடையது இல்லை.

இன்றைக்குத்தான் கடைசி நாள். கார்த்திகை தீபம்.

மாசியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறியவள்தான் கண்ணாயி. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் மலை மேல் குண்டனி நாட்டில் அவள் வேகத்துக்கு மிளகு பறிக்க ஆளில்லை என்று பேர். காலுக்கடியில் மூங்கில் கணு வழுக்கியது. மரத்தின் பாதியிலிருந்து விழுந்தாள். தொடை எலும்பு 'மளுக்'கென்று ஒடிந்த சத்தம் பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் காளியண்ணனுக்கே கேட்டதாம். ஓடி வந்து அவளைத் தோளில் போட்டுத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனவன் அவன்தான். அன்றைக்கே அந்த ஏணியைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் வைத்தவனும் அவன்தான்.

கட்டு வைத்தியர் வந்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "எலும்பு கூடிப்போகும். நடக்கறது அவளைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு எல்லாம் பெருமாயிதான். காளியண்ணன் பெண்சாதி, கண்ணாயிக்கு ஓரகத்தி. அவன் அண்ணியை 'நங்கை' என்பான், இவள் 'அக்கா' என்பாள். கழுவினாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு குறைதான். கண்ணாயி கையைத் தரையில் ஊன்றினால் போதும், பெருமாயி எங்கிருந்தாலும் ஓடி வருவாள்.

"நீ உக்காருக்கா!"

பூண்டு உரிக்கக் கையை நீட்டினால், "நீ உக்காருக்கா!" விழுந்த துணியை எடுக்கக் குனிந்தால், "நீ உக்காருக்கா!" எலும்பு கூடிவிட்டது. ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்தே தான் ஒரு அம்மிக்கல்லாக ஆகிக்கொண்டிருப்பது கண்ணாயிக்குத் தெரிந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சாமை குத்தும் குந்தாணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் ஒரு முறை போய் வருவாள். செருமும் சத்தம் கேட்டால் சட்டென்று உட்கார்ந்துகொள்வாள். திருடப் போனவளுக்குக்கூட நெஞ்சு அப்படி அடித்திருக்காது.

ஆவணியில் ஒரு நாள் சொல்லியேவிட்டாள். "நான் என்ற ஊட்டுக்குப் போறேன்."

காளியண்ணனுக்குக் கஞ்சி தொண்டையில் சிக்கிக்கொண்டது. "போயி? உளுந்து கெடந்தா ஆரு பாக்கறது? நரி வந்து பாக்குமா?"

"உன்ற ஊட்டுல மொடங்கிக் கெடக்கறதுக்கு என்ற ஊட்டுல உளுந்து கெடக்கறேன்."

"உன்னைத் தோள்ல போட்டுட்டு ஓடியாந்தேனே, அப்ப உனக்கு நெனப்பில்ல நங்கை. எனக்கு இருக்குது. இன்னொருக்கா அந்தச் சத்தத்தைக் கேக்க என்னால ஆவாது."

பேச்சு ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி வரைக்கும் போயிற்று. அந்த ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை இல்லாத விதவையின் வீடும் காடும், அவள் அடுப்பு அவள் கையால் எரிகிற வரைக்கும் அவளுடையது. அடுப்பு அணைந்து போனால் பங்காளிக்கு. கண்ணாயியின் அடுப்பு மாசியிலிருந்து குளிர்ந்து கிடந்தது. காளியண்ணனின் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு அவனுக்கு ஆகும் என்று நாலு பேர் வாயில் ஏற்கெனவே அரைபட்டுக்கொண்டிருந்தது.

கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "கண்ணாயி, உன்ற வாயி நல்லாத்தான் பேசுது. காலு பேசுமா?"

"பேசுமுங்க. கேக்கறதுக்கு ஆளு இருந்தாப் போதும்."

கூட்டம் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொன்னார். ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபம் வரை, தினமும் காலையில் கோயில் விளக்குத் தூண் மேல் வெயில் விழுவதற்குள் கண்ணாயி வீட்டுக் கூரையில் புகை வரவேண்டும். அவளே கொண்டுவந்த தண்ணீர், அவளே மூட்டிய நெருப்பு. ஆள் உதவி கூடாது. ஒரு நாள் தவறினாலும் காளியண்ணன் வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியது. தவறாவிட்டால் அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.

கண்ணாயி மறுநாளே வீட்டிலிருந்து ஊற்று வரைக்கும் மரத்துக்கு மரம் கயிறு கட்டினாள். தவழ்ந்து தவழ்ந்துதான் கட்டினாள். காளியண்ணன் கவுண்டரிடம் ஓடினான். "கயிறு ஒதவி இல்லீங்களா?"

"கயிறு என்னப்பா, உன்ற மச்சானா? அதுக்குக் கையுமில்ல, வாயுமில்ல. இருந்துட்டுப் போவட்டும்."

அந்தக் கயிறுதான் இன்றைக்கு இல்லை.

கண்ணாயி தடியைக் கிளைக்கு அந்தப் பக்கம் ஊன்றிப் பார்த்தாள். நின்றது. நல்ல காலை எடுத்து வைத்தாள். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குட்டைக் காலைத் தூக்கிக் கிளை மேல் வைத்ததுதான் தாமதம். பாசி. கால் ஒரு பக்கம், தடி ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம்.

விழுந்தாள்.

குடம் முதுகுக்கடியில் நொறுங்கியது. தடி சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்துக்குள் 'டொக்'கென்று விழுந்தது. கண்ணாயி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்த 'மளுக்'. வரவில்லை. கட்டை விரலை அசைத்தாள். அசைந்தது. முட்டியை மடக்கினாள். வலித்தது, ஆனால் மடங்கியது.

கூப்பிட்டால் கேட்கும். காளியண்ணன் வீடு அந்தப் பக்கச் சரிவில்தான். ஒரே ஒரு 'ஐயோ' போதும், ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் சாகும் வரைக்கும் 'நீ உக்காருக்கா'தான். கண்ணாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பனி ஒரு கணம் விலகியது. மேலே தன் வீட்டுக் கூரை தெரிந்தது.

கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவள் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளே யாரோ இருக்கிறார்கள். அவள் அடுப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

காளியண்ணனா? மகனைக் குடிவைக்கக் கார்த்திகை முடியட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லையா?

எழுந்ததே அவளுக்குத் தெரியாது. முறிந்த கிளையிலிருந்து ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டாள். பலா வேரைப் பிடித்தாள், புல்லைப் பிடித்தாள், மண்ணைப் பிடித்தாள். முதலில் நாலு காலில் ஏறினாள். பிறகு மூன்று காலில். முற்றத்துக்கு வந்தபோது இரண்டு காலும் ஒரு கொம்புமாக நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தள்ளினாள்.

அடுப்புக்கு முன்னால் பெருமாயி. கன்னம் உப்ப உப்ப ஊதுகுழலில் ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. பக்கத்தில் ஓர் ஓட்டுச் சில்லில் தணல்.

"அடிப் பாதகத்தி! என்னடி பண்ணற?"

பெருமாயி துள்ளித் திரும்பினாள். சேறும் சகதியுமாக நின்றவளைப் பார்த்து மாரில் கை வைத்துக்கொண்டாள். "உளுந்துட்டியாக்கா? காலு? காலைக் காட்டு!"

"காலு கெடக்குது. அடுப்புல என்னடி நெருப்பு?"

"விடியறதுல இருந்து பாக்கறேன், பொகையே காணோம். வந்து பாத்தா நீயும் இல்ல. அடுப்புல கிளறுனா ஒரு பொட்டுத் தணல் இல்ல. கடைசி நாளாச்சேன்னு என்ற ஊட்டுல இருந்து அள்ளிட்டு ஓடியாந்தேன். ஊரு பாக்கறது பொகையைத்தானக்கா? ஆரு மூட்டுனாங்கன்னு பொகையில எழுதியா இருக்குது?"

கண்ணாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறானோ இல்லையோ, தீப்பெட்டி மட்டும் வருவதில்லை. செம்மேட்டுச் சந்தைக்கு அடிவாரத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் ராஜா முகமது ராவுத்தர்கூடக் கையை விரித்துவிட்டார். அதனால் நெருப்பு அணைந்தவர் அடுத்த வீட்டுக்கு ஓடு எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவார். அது பாதகமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரி தன் நெருப்பைத் தானே கொண்டுபோய் இன்னொரு வீட்டு அடுப்பில் வைத்தால், அந்த வீடு இனி அவள் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். மகனுக்கும் மருமகளுக்கும் தனிக்குடித்தனம் வைக்கும்போது மாமியார் செய்வது அது. பெருமாயிக்கும் இது தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். இப்போது கண்ணாயியின் முகத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது. கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது.

"ஐயோ, அக்கா..."

"என்ற நெருப்பு அடுப்புல இல்லடி. அதா, அங்க இருக்குது."

சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஒரு மரப் பலகை. அதன் மேல் உடைந்த பானை ஒன்று. குட்டைக் காலோடு குந்தி உட்கார முடியாததால் கண்ணாயி தன் தணலைச் சாமை உமிக்குள் புதைத்து அங்கே வைத்திருந்தாள். அடுப்பையும் கல் அடுக்கி உயர்த்தியிருந்தாள். அடுப்பைப் பார்த்த பெருமாயி பானையைப் பார்க்கவில்லை.

"என்னக்கா பண்ணறது? ஆருக்கும் தெரியாது. நான் பின்பக்கமாப் போயிடறேன். நீ சும்மா இரு."

கண்ணாயிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சும்மா இருந்தால் போதும். புகை போய்க்கொண்டிருக்கிறது. வீடு தங்கிவிடும்.

"உனக்கென்னடி வந்துச்சு? நான் தோத்தா ஊடு உன்ற மவனுக்குத்தான வரும்?"

"போக்கா! உன்னை நான் தூக்கித் தூக்கி என்ற இடுப்பு போச்சு. நீ நடந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள் பெருமாயி. அழுதாளா சிரித்தாளா என்று புகையில் தெரியவில்லை.

வெளியே செருமும் சத்தம். கவுண்டரின் கைத்தடி முற்றத்துக் கல்லில் தட்டியது. பின்னால் காளியண்ணனின் குரல். "பொகை வந்துருச்சுங்க கவுண்டரே. பாத்தீங்கல்ல?"

பின்பக்கம் போக நேரமில்லை. கவுண்டர் வாசலில் தலை குனிந்து உள்ளே பார்த்தார். முதலில் பெருமாயியைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த ஓட்டுச் சில்லைப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது.

"இது ஆரு ஊட்டு ஓடு?"

காளியண்ணன் பெண்சாதியைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு விஷயம் புரிந்து, அது வெளுத்துப் போயிற்று.

'நான்தான் போய் வாங்கியாந்தேனுங்க' என்று கண்ணாயி சொன்னால் முடிந்தது. வாங்குவது வழக்கம்தானே. பெருமாயி மறுக்கமாட்டாள். ஆனால் நாளைக் காலை இந்த அடுப்பு முன்னால் நிற்கும்போது? நாளை மறுநாள்? யாருடைய நெருப்பு என்று அடுப்புக்குத் தெரியாதா?

"பெருமாயி ஊட்டு ஓடுங்க. பொகையும் அவ பொகைதான். என்னுது இல்லீங்க" என்றாள் கண்ணாயி. "நான் ஊத்துக்குப் போற வழியில உளுந்து கெடந்தேன்."

"உளுந்தியா!" என்று காளியண்ணன் பாய்ந்தான்.

"கிட்ட வராதே!" கொம்பு அவன் மார்புக்கு நேரே நீண்டது. "கவுண்டரே, தூண் மேல வெயில் விழுந்துருச்சுங்களா?"

கவுண்டர் வெளியே திரும்பிப் பார்த்தார். கோயில் இருக்கும் பக்கம் வெள்ளையாகப் பனி. தூணே தெரியவில்லை. அப்புறம் வெயில் எங்கே?

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு இன்னும் விடியலீங்க."

சொல்லிக்கொண்டே அடுப்பிலிருந்த விறகை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். பெருமாயியின் தணலைச் சாம்பலோடு ஓட்டில் வாரி அவளிடமே கொடுத்தாள். கூரையின் மேல் புகை மெலிந்து, நின்றது. மூலையிலிருந்த சின்னக் குடத்தை எடுத்து உறிக்குள் வைத்தாள். வாசலைக் கடந்து சரிவை நோக்கி நடந்தாள்.

"கயிறு?" என்றான் காளியண்ணன்.

"அறுந்து போச்சு."

"கயிறு இல்லாமயா? கவுண்டரே, சொல்லுங்க! வேண்டாமுங்க, ஊடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அவ இருந்துக்கட்டும்..."

"வாயை மூடு காளியண்ணா. ஆம்பளையா நில்லு" என்றார் கவுண்டர். அவர் கண் பனியின் மேலேயே இருந்தது. கிழக்கே அது கொஞ்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கண்ணாயி இறங்கினாள். கொம்பை ஊன்றி, நல்ல கால், பிறகு குட்டைக் கால். விழுந்த கிளையிடம் வந்ததும் நின்றாள். இந்த முறை தாண்டவில்லை. அதன் மேல் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தூக்கிப் போட்டாள். எழுந்தாள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். கயிறு இருந்தவரை யோசிக்கவே தோன்றவில்லை.

ஊற்றில் குடம் நிரம்புவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பாதிக் குடம் போதும் என்று எடுத்தாள். முழுக் குடம் உறியில் ஆடினால் ஆளையே கவிழ்க்கும். ஏறும்போது முதுகில் தண்ணீர் தளும்பித் தளும்பி ஒழுகியது. தலைக்கு மேலே பனி கிழிந்து கிழிந்து போவது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கால் போய்விடும்.

முற்றத்து ஓரத்தில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி மேடு. செங்குத்தாக இருக்கும். கொம்பு நழுவியது. கண்ணாயி முன்பக்கமாகச் சாய்ந்தாள்.

காளியண்ணனின் கை நீண்டது.

அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால், காய்ப்புக் காய்த்த அந்த அகலமான கை. பிடித்தால் விழமாட்டாள். பிடித்தால் எல்லாம் போயிற்று. கண்ணாயி அந்தக் கையைப் பார்த்தாள். காளியண்ணனின் உதடு கோணியது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முஷ்டியாக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கண்ணாயியின் கை ஒரு கல்லைப் பிடித்தது. குட்டைக் கால் ஊன்றியது. நின்றது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்கே சரியாக நினைவில்லை. உமியைக் கிளறியது, செந்தணல் கண் விழித்தது, சுள்ளி அடுக்கியது, ஊதியது. ஈரச் சுள்ளி. இன்னும் ஊதினாள். கண் இருட்டியது. பின்னால் யாரோ "ஊது, ஊது" என்று முணுமுணுத்தார்கள். பெருமாயிதான். அடக்கிக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. சுள்ளி படபடவென்று பிடித்தது. புகை எழுந்து கூரை வேய்ந்த புல்லுக்குள் நுழைந்தது.

கண்ணாயி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

விளக்குத் தூண் தெரிந்தது. அதன் தலையில் வெயில் மஞ்சள் பூசியது போல உட்கார்ந்திருந்தது.

கவுண்டர் தாடையைச் சொறிந்தார். அவரும் கண்ணாயியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். வெயில் எப்போது விழுந்தது என்று பார்க்கவில்லை. "ஆராச்சும் பாத்தீங்களாப்பா? மொதல்ல வந்தது வெயிலா, பொகையா?"

பெருமாயி வாயைத் திறந்தாள். கவுண்டர் கையமர்த்தினார். "நீ பேசாத. உன்ற ஓட்டுச் சில்லை நாங்க பாத்தாச்சு. காளியண்ணா, நீ சொல்லு."

அவள் தவறியிருந்தால் வீடு போவது அவனுக்கு. அவன் சொல்வதுதான் செல்லும். கண்ணாயி நிலையை இறுகப் பிடித்தாள்.

காளியண்ணன் தூணைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கண்ணாயியின் சேறு அப்பிய குட்டைக் காலைப் பார்த்தான். அவன் முஷ்டி இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"நான் கண்ணை மூடிட்டு இருந்தேனுங்க" என்றான். "தொறந்தப்ப பொகைதானுங்க மொதல்ல தெரிஞ்சுது."

"அப்பச் சரி" என்று கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் தீபத்துக்கு எண்ணெய் கொண்டாந்துரு கண்ணாயி. நடந்தே வா."

அவர் போன பிறகுதான் கண்ணாயி நிலையிலிருந்து கையை எடுத்தாள். பெருமாயி பதறிக்கொண்டு உட்காரும் பலகையை இழுத்துப் போட ஓடினாள்.

"நீ உக்காருடி" என்றாள் கண்ணாயி. "கூழு காய்ச்சறேன்."

காளியண்ணன் முற்றத்திலேயே நின்றான். உள்ளே வரத் தயங்கினான். "நங்கை... அந்தக் கயித்தை..."

"என்ன கயித்தை?"

"கட்டிக் குடுக்கட்டுமா?"

கண்ணாயி சரிவைப் பார்த்தாள். கிளை குறுக்கே கிடந்தது. வடகிழக்கில் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. ராத்திரி மழை உண்டு. நாளைக்கும் விடியும், தண்ணீர் வேண்டும். அவள் கால் அப்போதும் இரண்டு விரற்கடை குட்டையாகத்தான் இருக்கும்.

"கட்டு. கிளையை மட்டும் எடுக்காத. உக்காந்து தாண்ட வசதியா இருக்குது."